ஐ.டி. கார்டு மாட்டிய எருமைக்கன்று

அத்தியாயம் 14

கரையான்சாவடி ரவிச்சந்திரன் வீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சுவேதா கல்லூரிக்குப் போகிறாள். மூத்தவள் ஜோதிகா போகவில்லை. ஏன் போகவில்லை என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்குள் மட்டும் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆவடி சாலையில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் ஜோதிகா சேர்ந்த முதல் வாரம் அது. புதுப் பிள்ளைகளை வரவேற்க அங்கே ஐந்து நாள் கொண்டாட்டம் நடத்துவார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. மகளை அழைத்துவரக் குடையோடு போனார் ரவிச்சந்திரன். போன இடத்தில், கண்மையால் மீசை வரைந்துகொண்டு போலீஸ் வேஷத்தில் மேடையில் நின்றாள் மகள். கீழே முந்நூறு பையன்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மேடையேறினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "படிச்சது போதும்" என்றார். ஜோதிகாவின் கல்லூரிப் படிப்பு மொத்தம் மூன்று நாள்.

கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் "தப்பு பண்ணிட்டேன், திரும்பப் போம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பன் என்கிற வீம்பு. அது இறங்குவதற்குள் வருஷம் ஓடிவிட்டது. அப்புறம் சுவேதாவுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தபோது, முதல் நாள் அவரே பைக்கில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு ஜோதிகா வாசலில் நின்று தங்கைக்குக் கையசைத்தாள், சிரித்த முகமாகத்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

மூத்தவளுக்கு ஏதாவது ஒரு நல்லது செய்துவிட வேண்டும், அவள் பழையபடி தன்னிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். இந்த வாரம் அவரைக் கவிழ்த்ததும் அதே ஆசைதான்.

வெள்ளிக்கிழமை காலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அன்றைக்கு வார விடுமுறை. டீ டம்ளரோடு கூடத்துக்கு வந்தவர், அக்காவும் தங்கையும் பழைய லேப்டாப் ஒன்றின் முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஒரு கண்ணு மூடிக்கினு கீது?" என்றாள் சுவேதா.

"ஒன்னு தொறந்துதான கீது? காலைல நீ எழுந்துக்கற லட்சணம் அப்டித்தான்" என்றாள் ஜோதிகா.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை அந்தக் கல்லூரியில் இந்த வருஷத்து வரவேற்பு வாரம் ஆரம்பம். அதை நடத்துகிற மாணவர் குழுவில் சுவேதாவும் ஒருத்தி. வாரத்துக்கென்று விளையாட்டாக ஒரு லோகோ வேண்டும், பார்த்ததும் சிரிப்பு வர வேண்டும் என்று பொறுப்பாசிரியர் சொல்லியிருந்தார். ஒருவன் கண்ணாடி போட்ட ஆந்தை வரைந்து வந்தான். இன்னொருத்தி ராக்கெட். மூன்றாமவன் பல்பு. எதற்கும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுவேதா நேராக அக்காவிடம் வந்தாள்.

ஜோதிகா குமணன்சாவடியில் ஹாஜா மொய்தீன் நடத்தும் பிளெக்ஸ் கடையில் ஆறு வருஷமாக டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை பட்டுத்தான் அந்தச் சாலையில் தொங்குகிறது. தங்கை சொன்னதைக் கேட்டு ஒரு ராத்திரி யோசித்தவள், "எந்த ஊட்லடி புள்ளைங்கள 'எருமை, எந்திரி'ன்னு எழுப்பாம இருக்காங்க?" என்று கேட்டாள். அதோடு லோகோ பிறந்துவிட்டது.

ஒரு எருமைக்கன்று. ஒரு கண் தூக்கம், ஒரு கண் முழிப்பு. கழுத்தில் முழங்கால் வரைக்கும் தொங்கும் கல்லூரி ஐ.டி. கார்டு. கீழே 'எந்திரிச்சு வந்துட்டோம்' என்று ஒரு வரி.

ரவிச்சந்திரன் எட்டிப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் எருமை என்கிற பட்டம் முதலில் ஜோதிகாவுக்குத்தான் கிடைத்தது. கொடுத்தவர் அவர்தான். பள்ளிக்கூட நாளில் தினமும் காலையில் அவர் குரல் நாலு வீடு கேட்கும். கல்லூரி நின்ற பிறகு அவள் அவருக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாள். கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றவர், பேச்சில் சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டு மெதுவாகச் சொன்னார்.

"காதை இன்னும் கொஞ்சம் பெருசாக்குனா எடுப்பா இருக்குமோ?"

ஜோதிகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மவுசை நகர்த்தி காதின் ஓரத்தை இழுத்தாள். எருமை இன்னும் கொஞ்சம் அசடாக, இன்னும் கொஞ்சம் செல்லமாக ஆனது. "ம்" என்றாள்.

ஒரு 'ம்' தான். ஆனால் ரவிச்சந்திரனுக்கு அன்றைக்கே தீபாவளி வந்துவிட்டது.

பதினொன்றரை மணிக்கு, "இந்தா, பெரியவளுக்குச் சாப்பாடு. போற வழில நீயே குடுத்துட்டுப் போ" என்று டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள் மனைவி வனஜா. அவர் எங்கேயும் போவதாக இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பிளெக்ஸ் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மை வாடை தெருவரைக்கும் வந்தது. ஜோதிகா உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, வெளியே வந்துகொண்டிருக்கும் எருமையை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ரவிண்ணே" என்று ஸ்டூலைத் தள்ளினார் ஹாஜா மொய்தீன். "ஒம் பொண்ணு பண்ற கூத்தைப் பாத்தியா? ஒரு வாரமா சாப்பாட்டு நேரத்துல இதே வேலை. மொதல்ல எருமைக்குப் பை, கொடை, தண்ணி பாட்டிலு, பின்னால காலேஜ் பஸ்ஸுன்னு போட்டுச்சு. கல்யாண ஊட்டு சீர்வரிசை மாதிரி இருந்திச்சு."

"அப்புறம்?"

"தெனம் ஒன்னு ஒன்னா எடுத்துச்சு. எடுக்க எடுக்கத்தான் எருமைக்கு உசுரு வந்திச்சு. கடைசில கார்டு மட்டும் நின்னுச்சு." அவர் சுவரைக் காட்டினார். கட்டைவிரல் அளவில் அச்சடித்த ஒரு எருமை ஒட்டியிருந்தது. "அதை அங்க ஒட்டிட்டு, ரோட்டுக்கு அந்தாண்ட பேக்கரில போயி நின்னு பாக்குது. அங்கேருந்து பாத்தாலும் எருமை எருமையா தெரியணுமாம். சட்டைப் பாக்கெட்ல போட்டா ஈ மாதிரி ஆயிடக் கூடாதாம். நானு இருவது வருசமா கடை வெச்சினுகீறேன், எனக்கு இது தோணல அண்ணாத்தே."

ரவிச்சந்திரனுக்கு நெஞ்சு நிறைந்தது, வலிக்கவும் செய்தது. இந்தப் பெண்ணையா மூன்றே நாளில் இழுத்துக்கொண்டு வந்தோம் என்று நினைத்தார். அன்றைக்கு அந்த மழை பெய்யாமல் இருந்திருந்தால் அவர் குடையோடு போயிருக்கவே மாட்டார்.

ஜோதிகா பிளெக்ஸைச் சுருட்டி ரப்பர் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதை இரண்டு மணிக்குள் கல்லூரியில் சேர்க்க வேண்டும். முதலாமாண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் அன்றைக்கு. அங்கேதான் லோகோவைத் திறந்து வைக்கிறார்கள். சுவேதா வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. ஆனால் அவளுக்கு அங்கே நாற்காலி போடும் வேலை முடியவில்லையாம்.

"நான் கொண்டுபோயி குடுக்கறேன்" என்றார் ரவிச்சந்திரன்.

ஜோதிகா தயங்கினாள். "பாய், ஆட்டோல போட்டு அனுப்பலாமா?"

"அப்பன் நிக்கறப்போ ஆட்டோ எதுக்கும்மா?" என்றார் ஹாஜா.

அவள் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு சுருளைக் கொடுத்தாள். "கேட்டாண்ட சுவேதா நிப்பா. குடுத்துட்டு வந்துரு நைனா. உள்ள போவாத."

"ஏம்மா?"

"சும்மாதான்."

காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். ஆனால் ஒருவரை ஒருவர் காரணம் கேட்டும் சொல்லியும் பழக்கமில்லாத வீடாகப் போய்விட்டது அது. அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான்.

கேட்டில் சுவேதா காத்திருந்தாள். வேர்த்துப்போய், கழுத்தில் தன்னுடைய ஐ.டி. கார்டு முதுகுப் பக்கம் திரும்பிக் கிடக்க, ஓடி வந்து சுருளை வாங்கினாள். "தேங்க்ஸ் நைனா. நீ கெளம்பு, வெய்யிலா கீது."

அவர் எதிர்க்கடையில் டீயும் பேப்பருமாக அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து பைக்கைத் திருப்பினார். அப்போது உள்ளே அரங்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஒருவர் இருவர் சிரிப்பு இல்லை, ஒரு கூட்டமே சிரிக்கும் சத்தம். சுருளைப் பிரித்துவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. மகள் வரைந்ததை ஜனம் எப்படிப் பார்க்கிறது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கால் கேட்டது. பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

மேடைக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்கு எருமைக்கன்று நின்றது. அம்மாக்கள் எல்லாம் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை இடித்துக்காட்டிச் சிரித்தார்கள். "என் மவனேதான்" என்று ஒரு அம்மா சொல்ல, அந்த வரிசையே குலுங்கியது. காது அத்தனை பெரியதாக, அத்தனை அழகாக இருந்தது. ரவிச்சந்திரன் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்று, கண் கலங்க, தானும் சிரித்தார்.

பொறுப்பாசிரியர் வீராசாமி மைக்கைப் பிடித்தார். "இதை உருவாக்கியது நம்ம இரண்டாம் ஆண்டு மாணவி, ஆர். சுவேதா. எல்லாரும் ஒரு கைதட்டு கொடுங்க."

கைதட்டல் எழுந்தது. ரவிச்சந்திரன் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார். வரவில்லை. சுவேதா மேடையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து சிரித்தாள்.

அவருக்குச் சுரீரென்றது. அக்கா உழைப்பைத் தங்கை தன் பெயரில் போட்டுக்கொண்டாளா? மூத்தவளுக்கு எல்லாவற்றிலும் இதேதானா? ஆறு வருஷமாக எதைச் செய்யலாம் எதைச் செய்யலாம் என்று தவித்த மனுஷனுக்கு, செய்ய வேண்டியது இதோ கண்முன்னால் நின்றது. அவர் நடக்க ஆரம்பித்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து, நான்கு படி ஏறி, மேடைக்குப் போய்விட்டார்.

"சார், ஒரு நிமிசம் சார்" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. "இதை வரைஞ்சது என் பெரிய பொண்ணு சார். ஜோதிகா. குமணன்சாவடில பிளெக்ஸ் கடைல வேலை செய்யுது. அது பேரைச் சொல்லாம உட்டுட்டீங்க."

கைதட்டல் நின்றது.

சுவேதா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதைப் பார்த்ததுமே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா?

வீராசாமி மைக்கை அணைத்தார். குரல் தாழ்த்தியே பேசினார். "லோகோ இங்க படிக்கிற பசங்களோட சொந்தப் படைப்பா மட்டும்தான் இருக்கணும் சார். அப்படி எழுதி கையெழுத்து வாங்கியிருக்கோம். சுவேதாவும் போட்டிருக்கா." பிறகு அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க முன்னாடி ஒரு தடவை இந்த மேடைக்கு வந்திருக்கீங்க, இல்ல?"

ரவிச்சந்திரன் மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அந்தப் பொண்ணா வரைஞ்சது?" என்றார் வீராசாமி.

அவர் தலையாட்டினார்.

ஐந்து நிமிஷத்தில் இரண்டு பையன்கள் ஏணி போட்டு எருமையை இறக்கினார்கள். வரைந்தவர் நாளைக் காலை பத்து மணிக்குத் தன் அறைக்கு நேரில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் லோகோவும் கிடையாது, சுவேதா குழுவிலும் கிடையாது, கையெழுத்து விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீராசாமி சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டிய டி-ஷர்ட்டுகள் நின்றன. சுவேதா அப்பாவோடு பைக்கில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தாள்.

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடச்சிட்டு வந்து நிக்கறியே" என்றாள் வனஜா. சுவேதா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரவிச்சந்திரன் நாற்காலி நுனியில், செருப்பைக்கூடக் கழற்றாமல் இருந்தார். ஆறரைக்கு ஜோதிகா வந்தாள்.

தங்கை போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். ஜோதிகா பையை ஆணியில் மாட்டி, முகம் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சுவேதா என் பேரைத் திருடல நைனா. அவ பேரைப் போடச் சொன்னதே நான்தான்."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"பேரு வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? அஞ்சு நாளும் அது அங்க நிக்கும். பசங்கல்லாம் அதுங்கூட நின்னு போட்டோ புடிச்சிக்குவாங்க. எனக்குத்தான் கடைசி ரெண்டு நாளு கெடைக்கல, அதுக்காவது கெடைக்கட்டும்னு இருந்தேன்."

இதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் பண்ணது தப்பும்மா" என்றார் ரவிச்சந்திரன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இன்னிக்குப் பண்ணதும் தப்பு. உனுக்கு நல்லது பண்றதா நெனச்சிகினு..."

ஆறு வருஷமாகத் தொண்டையில் கிடந்த வார்த்தை. வெளியே வந்தால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பியிருந்தார். இறங்கவில்லை. சொல்ல வேண்டிய நாளில் சொல்லியிருந்தால் இந்தப் பெண் இந்நேரம் படித்து முடித்து வேலைக்குப் போயிருப்பாள். இன்றைக்குச் சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம் என்றுதான் தோன்றியது.

"தெரியும்" என்றாள் ஜோதிகா. "நீ ரெண்டு தபாவும் எனக்காவத்தான் மேடை ஏறுன. அன்னிக்கு என் மானம் போவுதுன்னு ஏறுன, இன்னிக்கு என் பேரு போவுதுன்னு ஏறுன. ரெண்டு தபாவும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு அந்த வேசத்துல நான் இன்னா பேசுனேன்னு உனுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. ஆறு வருஷத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. இப்போது கேட்கவும் வெட்கமாக இருந்தது. வனஜா அடுப்படி வாசலில் நின்றபடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சுவேதா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அக்கா, நீ நாளைக்கு வரணும்னு இல்ல. சார் கேட்டா நான்தான் பொய் சொன்னேன்னு ஒத்துக்கறேன். வேற ஆந்தையோ பல்போ எதனா வெச்சிக்கட்டும்."

"ஆந்தையா?" என்றாள் ஜோதிகா. முதன்முறையாக அவள் குரல் சூடானது. "ஒரு வாரமா கோடு கோடா எடுத்து, அதை நிக்க வெச்சிகீறேன். ஆந்தைக்கு உட்டுத் தருவனா?"

"அப்போ?"

"பாய்கிட்ட காலைல ரெண்டு மணி நேரம் பர்மிசன் கேட்டுட்டு வந்துட்டேன்."

சுவேதா திரும்பினாள். "வரியா? இன்னா சொல்லப் போற சாராண்ட?"

"தெரியல. அங்க போயி பாத்துக்கறேன்."

ஆறு வருஷம் கழித்து அவள் அந்தக் கேட்டுக்குள் போகப் போகிறாள். ரவிச்சந்திரனுக்குத் தானும் கூடப் போய், அந்த வாத்தியார் காலில் விழுந்தாவது, எல்லாத் தப்பும் என்னுடையது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பைக்கில் பெட்ரோல் இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று மனசு அதற்குள் ஓடிவிட்டது. நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தவர், அப்படியே நின்றார்.

அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டார். "நானும் வரட்டுமாம்மா?"

ஜோதிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"வேணாம் நைனா."

கேட்டால் இப்படியும் ஒரு பதில் வரும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.